பெருந்தொற்றுக் காலத்தில் மருத்துவப் பணியாளரின் மனவடு: டொராண்டோ சார்ஸ் பரவலை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

பெருந்தொற்றுக் காலங்களில் நோயாளிகளைப் பேணிய பணியாளரிடம் பின்னாளில் காணப்படும் மனவடுவைத் தனிமனிதரின் மனவலிமைக் குறைவாகக் கருதும் போக்கு மருத்துவமனை நிருவாகங்களிடமும் பொதுமக்களிடமும் உள்ளது. 2003ஆம் ஆண்டு கனடாவின் டொராண்டோ நகரில் பரவிய சார்ஸ் நோயையும், அதனைத் தொடர்ந்து அந்நகர மருத்துவப் பணியாளரிடம் நிகழ்த்தப்பட்ட ஆய்வுகளையும் அடிப்படையாகக் கொண்டு இக்கருத்து இங்கு மறுபரிசீலனை செய்யப்படுகிறது. பயிற்சி, பாதுகாப்பு, நிறுவன ஆதரவு ஆகியன போதுமானவையாக இருந்தனவா என்பதோடு மனவடு நெருங்கிய தொடர்புடையது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. கோவிட்-19 காலத் தரவுகளும் தமிழ்நாட்டுச் சூழலும் தேவையான இடங்களில் ஒப்புநோக்கப்படுகின்றன.

குறிச்சொற்கள்: மனவடு, மருத்துவப் பணியாளர், சார்ஸ், கோவிட்-19, அறக்காயம், நிறுவன ஆதரவு

முன்னுரை

2003ஆம் ஆண்டு மார்ச் 7ஆம் நாள், டொராண்டோவின் ஸ்கார்பரோ பகுதியிலுள்ள மருத்துவமனை ஒன்றின் அவசரப் பிரிவுக்குக் காய்ச்சலும் மூச்சுத்திணறலுமாக ஒருவர் வந்தார். ஹாங்காங் சென்று திரும்பிய அவருடைய தாயார் இரண்டு நாள்களுக்கு முன்புதான் வீட்டில் இறந்திருந்தார். காசநோயாக இருக்கலாம் என்று முதலில் ஐயுறப்பட்ட அவர், படுக்கை கிடைக்காமல் மறுநாள் வரை அவசரப் பிரிவிலேயே வைக்கப்பட்டிருந்தார். அருகிலிருந்த நோயாளிகளுக்குத் தொற்று பரவியது. அவர்களிடமிருந்து அவர்தம் குடும்பத்தாருக்கும், அவர்களைப் பேணிய செவிலியர்க்கும், மருத்துவர்க்கும் பரவியது. உலகச் சுகாதார நிறுவனம் இந்நோய் குறித்து உலகளாவிய எச்சரிக்கையை வெளியிட்டது மார்ச் 12ஆம் நாளில்தான். ஈழத்தமிழர் பெருந்தொகையினராக வாழும் பகுதி ஸ்கார்பரோ என்பதால் தமிழ் வாசகர்க்கு இவ்விடம் முற்றிலும் அயலானதன்று.

சார்ஸ் நோயின் தனித்தன்மை, அது மருத்துவமனையைத் தன் இருப்பிடமாகக் கொண்டது என்பதாகும். உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி உலகெங்கும் 8,096 பேர் இந்நோய்க்கு ஆளாயினர். 774 பேர் இறந்தனர். நோயுற்றோருள் 1,706 பேர், அதாவது 21 விழுக்காட்டினர், மருத்துவப் பணியாளர். கனடாவில் நோயுற்ற 251 பேருள் 109 பேர் மருத்துவப் பணியாளர். சிங்கப்பூரில் 238 பேருள் 97 பேர். கொள்ளைநோய் வரலாற்றில் நோயாளியைத் தொட்டவர் நோயுறுவது புதிதன்று. ஆயினும், நோயுறும் ஐவருள் ஒருவர் மருத்துவப் பணியாளராக இருந்த நிலை, ‘பணி’ என்பதையே அச்சத்தின் ஊற்றாக மாற்றியது. இந்த அச்சம் நோய் அடங்கிய பின் எங்கே சென்றது என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா.

பெயரும் பொருளும்

ஆங்கில வழி உளமருத்துவம் இன்று பயன்படுத்தும் நோய்ப்பெயர் 1980இல் அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் நோயறி கையேட்டின் மூன்றாம் பதிப்பில் இடம்பெற்றது. வியட்நாம் போரிலிருந்து திரும்பிய படைவீரரின் நிலை அதற்கு முதன்மையான தூண்டுதலாக அமைந்தது. தமிழில் இதனை ‘அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறு’ என வழங்குகின்றனர். இத்தொடரில் இரண்டு இடர்ப்பாடுகள் உள்ளன. ‘மன அழுத்தம்’ என்னும் சொல் தமிழக இதழ்களில் மனச்சோர்வு நோயையும் குறிக்கிறது, அன்றாட நெருக்கடியையும் குறிக்கிறது. ஒரே சொல் இரு வேறு நிலைகளுக்கு வழங்குவதால் கேட்பவர் எதனைப் புரிந்துகொண்டார் என்பது தெளிவாவதில்லை. ‘அதிர்ச்சி’ என்பதோ நொடிப்பொழுதில் நேர்ந்து கடந்துபோகும் ஒன்றை நினைவூட்டுகிறது. ஈழத்து உளநல எழுத்துகளில் ‘நெருக்கீடு’, ‘மனவடு’ என்னும் சொற்கள் வழங்குகின்றன. நீண்ட போரின் நடுவே யாழ்ப்பாணத்தில் உளமருத்துவம் செய்தோர் கையாண்ட சொற்கள் இவை. காயம் ஆறிய பின்னும் எஞ்சி நிற்பது வடு. அந்தப் பொருத்தம் கருதி இக்கட்டுரையில் ‘மனவடு’ என்னும் சொல்லே ஆளப்படுகிறது.

2013இல் வெளிவந்த கையேட்டின் ஐந்தாம் பதிப்பு இந்நோய்க்கு நான்கு அறிகுறித் தொகுதிகளை வகுக்கிறது. வேண்டாதபோதும் நினைவு வந்து புகுதல், நினைவூட்டும் இடத்தையும் ஆளையும் தவிர்த்தல், எண்ணமும் மனநிலையும் எதிர்மறையாகத் திரிதல், உடலும் மனமும் எந்நேரமும் விழிப்புற்றுப் பதறுதல் என்பன அவை. இவை ஒரு மாதத்துக்கு மேல் நீடித்து வாழ்வைக் குலைக்க வேண்டும். இவற்றுக்கெல்லாம் முன்னதாக ஒரு வாயில் உள்ளது: இறப்போ, இறப்பின் அச்சுறுத்தலோ, கடுங்காயமோ, பாலியல் வன்முறையோ நேர்ந்திருக்க வேண்டும் அல்லது நேரில் காணப்பட்டிருக்க வேண்டும். நெருங்கியவர்க்கு அவ்வாறு நேர்ந்ததை அறிவதும், பணியின் காரணமாகக் கொடிய விவரங்களை மீண்டும் மீண்டும் எதிர்கொள்வதும் ஏற்றுக்கொள்ளப்படுகின்றன. உயிருக்கு இடர் தரும் நோய் ஒன்று தன்னளவிலேயே இவ்வாயிலைக் கடந்துவிடுவதில்லை எனவும் அக்கையேடு எச்சரிக்கிறது.

பெருந்தொற்றுக் கால மருத்துவப் பணியாளரை இவ்வாயிலில் நிறுத்திப் பார்த்தால் சிக்கல் தெரியும். உடன் பணியாற்றிய செவிலியர் மூச்சுக்குழாயோடு படுத்திருப்பதைக் கண்டவர் ஐயமின்றி இதற்குள் அடங்குவார். ஆனால், பாதுகாப்பு முகக்கவசம் கேட்டுக் கிடைக்காத சுகாதார ஊழியர், வீட்டில் தனியறையில் உண்டு குழந்தையைத் தொடாமல் இருந்த ஆய்வகப் பணியாளர், இறுதி நேரத்தில் உறவினரை உள்ளே விடக்கூடாது என்ற ஆணையை வாயிலில் நின்று நிறைவேற்றிய காவலாளி ஆகியோர் எங்கே அடங்குவர்? இவர்களுடைய துன்பம் உண்மையானது, பெயர்தான் பொருந்தவில்லை. இன்னொன்றும் உண்டு. ‘பிந்தைய’ என்னும் அடைமொழி, இடர் முடிந்துவிட்டது என்று கொள்கிறது. முதல் அலை ஓய்ந்து இரண்டாம் அலை எழுவதற்குள் ஒருவரிடம் வினாத்தாளை நீட்டும்போது அவர் இருப்பது இடரின் பின்னா, நடுவிலா? இவ்வினாவை எழுப்பாத ஆய்வுகள் பல.

டொராண்டோ, 2003

மார்ச் 26ஆம் நாள் ஒண்டாரியோ மாநிலம் அவசரநிலையை அறிவித்தது. உயிர்காக்கும் பணிகள் அல்லாத மருத்துவமனைப் பணிகள் நிறுத்தப்பட்டன. வருவோர் தடுக்கப்பட்டனர். பணியாளர் முகக்கவசம், மேலங்கி, கையுறை ஆகியவற்றோடு நாள் முழுவதும் இயங்கினர். ‘பணித் தனிமைப்படுத்தல்’ என்ற புதிய ஏற்பாடு தோன்றியது. தொற்றுக்கு ஆளாகியிருக்கக்கூடிய பணியாளர் வீட்டிலிருந்து மருத்துவமனைக்கும் மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கும் மட்டுமே செல்லலாம். பேருந்தையும் தொடர்வண்டியையும் தவிர்க்க வேண்டும். வீட்டிலும் குடும்பத்தாரிடமிருந்து விலகி இருக்க வேண்டும். பணிக்கு இன்றியமையாதவர், ஆனால் வீட்டுக்கு ஆபத்தானவர் என்னும் இருநிலை ஒரே ஆளிடம் சுமத்தப்பட்டது. இதே காலத்தில் தைவானின் தைபே நகரில் ஏப்ரல் 24ஆம் நாள் ஹோப்பிங் மருத்துவமனை திடீரென மூடப்பட்டு, பணியாளரும் நோயாளிகளுமாக ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் உள்ளே அடைக்கப்பட்டனர். ஜன்னல்களிலிருந்து பணியாளர் எழுப்பிய எதிர்ப்புக் குரல் உலகெங்கும் செய்தியானது.

டொராண்டோவில் ஏப்ரல் இறுதிக்குள் நோய் தணிந்தது போலத் தோன்றியது. மே 17ஆம் நாள் அவசரநிலை நீக்கப்பட்டது. மருத்துவமனைகளில் கடும் முன்னெச்சரிக்கைகள் தளர்த்தப்பட்டன. ஆய்வாளர் ஆழ்ந்து நோக்க வேண்டிய பகுதி இங்குதான் தொடங்குகிறது. நார்த் யார்க் பொது மருத்துவமனையின் செவிலியர் சிலர், தம் நோயாளிகளிடமும் அவர்தம் குடும்பத்தாரிடமும் சார்ஸ் போன்ற அறிகுறிகள் தொகுதியாகக் காணப்படுவதைக் கவனித்தனர், மேலிடத்துக்குத் தெரிவித்தனர். சார்ஸ் அன்று என்னும் விடையே அவர்களுக்குக் கிடைத்தது. எலும்பு மருத்துவப் பிரிவில் கண்டறியப்படாமலேயே நோய் பரவிக்கொண்டிருந்தது. மே 23ஆம் நாள் இரண்டாம் பரவல் அதிகாரபூர்வமாக ஏற்றுக்கொள்ளப்பட்டது. அதற்குள் மேலும் பல பணியாளர் நோயுற்றிருந்தனர். டொராண்டோவின் இரு பரவல்களிலுமாக இரண்டு செவிலியரும் ஒரு மருத்துவரும் உயிரிழந்தனர்.

நீதியரசர் ஆர்ச்சி காம்பெல் தலைமையில் அமைக்கப்பட்ட விசாரணை ஆணையத்தின் இறுதி அறிக்கை 2007 ஜனவரியில் வெளியானது. முகக்கவசம் முகத்தோடு சரியாகப் பொருந்துகிறதா எனச் சோதிக்கும் நடைமுறை பல இடங்களில் பின்பற்றப்படவில்லை என்பதையும், பணியாளர் பாதுகாப்பு குறித்த அறிவு மருத்துவமனைகளில் போதிய அளவு இல்லை என்பதையும், செவிலியரின் எச்சரிக்கை செவிமடுக்கப்படவில்லை என்பதையும் அது பதிவு செய்தது. ஆபத்தைக் குறைக்கும் நியாயமான நடவடிக்கைகளை எடுப்பதற்கு அறிவியல் உறுதிப்பாடு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை என்னும் முன்னெச்சரிக்கைக் கோட்பாடே அவ்வறிக்கையின் மையம். நோய்ப் பரவலைப் பற்றிய ஆவணமாகவே இது பெரும்பாலும் வாசிக்கப்படுகிறது. மனவடு குறித்த சான்றாகவும் இதனை வாசிக்க இடமுண்டு. தாம் கண்டதைத் தாம் சொல்லியும் நம்பப்படாமல், பின்னர் அதே நோய்க்குத் தம்முள் சிலரை ஒப்புக்கொடுத்தவர்களின் பட்டறிவு அதில் உள்ளது.

எண்கள் கூறுவன

டொராண்டோவின் மவுண்ட் சினாய் மருத்துவமனையைச் சேர்ந்த உளமருத்துவர் ராபர்ட் மாண்டரும் அவர்தம் குழுவினரும் 2006இல் வெளியிட்ட ஆய்வு இத்துறையில் அடிக்கடி மேற்கோள் காட்டப்படுவது. சார்ஸ் நோயாளிகளை ஏற்ற டொராண்டோ மருத்துவமனைகள் ஒன்பதையும், அத்தகைய நோயாளிகளை ஏற்காத ஹாமில்டன் நகர மருத்துவமனைகள் நான்கையும் சேர்ந்த 769 பணியாளரை அவர்கள் ஒப்பிட்டனர். பரவல் முடிந்து 13 முதல் 26 மாதங்கள் கழித்து இவ்வாய்வு நிகழ்ந்தது. மனவடு அறிகுறிகளின் அளவு டொராண்டோவில் 13.8 விழுக்காட்டினரிடமும் ஹாமில்டனில் 8.4 விழுக்காட்டினரிடமும் உயர்ந்திருந்தது. பணிச்சலிப்பு முறையே 30.4, 19.2 விழுக்காடு. பொதுவான உளத்துயர் 44.9, 30.2 விழுக்காடு. டொராண்டோ பணியாளர் நோயாளிகளோடு நேரடித் தொடர்பையும் பணிநேரத்தையும் குறைத்துக்கொண்டதும், புகைத்தலும் குடித்தலும் கூடியதும் மிகுதியாகக் காணப்பட்டன. நோய் மறைந்து இரண்டாண்டுகள் ஆகும் வேளையிலும் மருத்துவமனை தன் பணியாளரின் உழைப்பில் ஒரு பகுதியை இழந்துகொண்டிருந்தது என்பது இதன் பொருள்.

ஹாமில்டனை ஒப்பீட்டுக்குத் தேர்ந்தெடுத்தது இவ்வாய்வின் வலிமை. ஒப்பீட்டுக் குழு இல்லாதிருந்தால் 13.8 என்னும் எண்ணைக் கொண்டு எதையும் சொல்லியிருக்க முடியாது. கொள்ளைநோய் எதுவும் தீண்டாத மருத்துவமனையிலும் நூற்றுக்கு எட்டுப் பேர் இந்நிலையில் இருந்தனர் என்பதை ஹாமில்டனே காட்டியது. கோவிட் காலத்தில் இந்தியாவிலும் பிற நாடுகளிலும் இணையவழி வினாத்தாளைச் சுற்றுக்கு விட்டுப் பெறப்பட்ட விழுக்காடுகளில் பல இவ்வகை ஒப்பீடு இல்லாதவை.

அவ்வாய்வின் மற்றொரு முடிவே இக்கட்டுரைக்கு முதன்மையானது. தமக்கு அளிக்கப்பட்ட பயிற்சியும் பாதுகாப்பும் ஆதரவும் போதுமானவை எனக் கருதியோரிடம் துயர் குறைந்திருந்தது. பிரச்சினையைத் தவிர்ப்பது, தம்மையே குற்றம் சாட்டிக்கொள்வது போன்ற பொருந்தாத சமாளிப்பு முறைகள் துயரைக் கூட்டின. இரண்டாவது காரணி தனிமனிதரைச் சார்ந்தது. முதலாவது நிறுவனத்தைச் சார்ந்தது. இதே குழுவினர் 2008இல் வெளியிட்ட தொடர் ஆய்வில் 139 பணியாளரை நேர்காணல் வழி முறையாக நோயறிந்தபோது, சார்ஸுக்குப் பின் புதிதாக உளநோய் கண்டவர் ஐந்து விழுக்காட்டினரே. அறிகுறி உடையோர் பலராக இருந்தும் நோயுற்றோர் சிலராகவே இருந்தனர். புதிதாக நோய் கண்டவரிடம் முன்பே உளநோய் வரலாறு இருந்தமையும், பணி அனுபவம் குறைவாக இருந்தமையும், பயிற்சியும் ஆதரவும் போதவில்லை என்ற எண்ணம் மேலோங்கியிருந்தமையும் தெரியவந்தன.

இங்கு ஓர் எதிர்வாதத்தை நேர்மையாக ஏற்றாக வேண்டும். ஆதரவு ‘போதுமானது’ என்பது பணியாளரின் கருத்து, அளந்தறிந்த பொருளன்று. துயருற்ற மனம் கடந்த காலத்தை இருளாகவே நினைவுகூரும். எனவே, ஆதரவின்மை துயரை விளைத்ததா, துயர் ஆதரவின்மையாகத் தோற்றம் தந்ததா என ஒரே வேளையில் எடுக்கப்பட்ட வினாத்தாளைக் கொண்டு முடிவுகட்ட இயலாது. ஆயினும் டொராண்டோவில் வினாத்தாளுக்கு வெளியே சான்று உள்ளது. காம்பெல் ஆணையம் ஆவணங்களையும் வாக்குமூலங்களையும் கொண்டு கண்டறிந்த குறைகளும், பணியாளர் வினாத்தாளில் சுட்டிய குறைகளும் ஒரே திசையில் நிற்கின்றன. நினைவின் பிழை என்று இதனை ஒதுக்குவது கடினம்.

பெய்ஜிங் மருத்துவமனை ஒன்றில் 2006இல் 549 பணியாளரிடம் நிகழ்த்தப்பெற்ற ஆய்வும் இதனோடு சேர்த்து நோக்கத்தக்கது. ஏறத்தாழப் பத்து விழுக்காட்டினர் சார்ஸுக்குப் பின் மிகுதியான மனவடு அறிகுறிகளை உணர்ந்ததாகக் கூறினர். தனிமைப்படுத்தப்பட்டவர், நோய்வாய்ப் பிரிவில் பணியாற்றியவர், நண்பரோ உறவினரோ நோயுற்றவர் ஆகியோரிடம் அது பன்மடங்காக இருந்தது. பணியின் ஆபத்தைப் பிறர்நலம் கருதி மனமுவந்து ஏற்றவரிடமோ அறிகுறிகள் குறைந்திருந்தன. தியாகத்தைப் புகழும் நிருவாகங்கள் இம்முடிவை விரும்பி எடுத்தாளக்கூடும். ஏற்பது வேறு, ஏற்கவைக்கப்படுவது வேறு. அவ்வாய்வு பேசுவது முன்னதைப் பற்றி மட்டுமே.

கோவிட் காலத்துக்கு வந்தால், இங்கிலாந்தின் ஒன்பது தீவிர சிகிச்சைப் பிரிவுகளைச் சேர்ந்த 709 பணியாளரிடம் 2020 ஜூன், ஜூலையில் எடுத்த கணக்கெடுப்பில் ஏறத்தாழ நாற்பது விழுக்காட்டினர் மனவடு நோய்க்கான வினாத்தாள் வரம்பைத் தாண்டியிருந்தனர். உலகச் செய்தியான எண் இது. பின்னர் 2023இல் வெளியான மற்றோர் ஆய்வு, இங்கிலாந்து மருத்துவப் பணியாளரிடம் இரு கட்டமாக, முதலில் வினாத்தாளும் அடுத்து நோயறி நேர்காணலும் நிகழ்த்தியது. வினாத்தாளின்படி நாலில் ஒருவர் என்ற அளவில் இருந்த மனவடு நோய், நேர்காணலில் 7.9 விழுக்காடாகக் குறைந்தது. வினாத்தாள் பொய் சொல்லவில்லை. அது துயரை அளந்தது. நேர்காணல் நோயை அளந்தது. எஞ்சிய பெரும்பங்கினர் நலமாக உள்ளனர் என்று இதிலிருந்து கொள்வது பிழை. அவர்களுடைய துயர்க்கு மருந்துச்சீட்டு விடையாகாது என்பதே சரியான வாசிப்பு.

அறக்காயம்

நோயாக வகைப்படாத அத்துயர்க்கு ஒரு பெயர், படைவீரரிடையே பணியாற்றிய அமெரிக்க உளமருத்துவர் ஜோனதன் ஷே 1994இல் எழுதிய நூலின் வழி பரவலாயிற்று. சரியானது எது என்பதை, முறையான அதிகாரம் உடையவரே, பெரும் இடர் சூழ்ந்த நேரத்தில் மீறும்போது விளைவதை அவர் அறக்காயம் என்றார். 2009இல் பிரெட் லிட்ஸும் பிறரும் இதனை விரித்து, தம் அறத்துக்கு மாறானதைத் தாமே செய்தல், தடுக்க முடியாமற்போதல், கண்டு நிற்றல் ஆகியவற்றையும் இதில் அடக்கினர். இரண்டு விளக்கங்களும் ஒன்றல்ல என்பதைப் பல கட்டுரைகள் கவனிப்பதில்லை. லிட்ஸின் விளக்கத்தில் குற்றவுணர்வு மேலோங்குகிறது. ஷேயின் விளக்கத்தில் சினம் மேலோங்குகிறது. முன்னதில் காயம்பட்டவர் தம்மைக் கேட்கிறார். பின்னதில் பிறரைக் கேட்கிறார்.

நார்த் யார்க் செவிலியரின் நிலை ஷேயின் விளக்கத்துக்கு ஏறத்தாழச் சொல்லுக்குச் சொல் பொருந்துகிறது. அதிகாரம் உடையவர் இருந்தனர், இடர் பெரிது, சரியானது எது என்பது செவிலியர்க்குத் தெரிந்திருந்தது, சொல்லவும்பட்டது. அவர்களிடம் ‘உறக்கம் வருகிறதா, நினைவு வந்து தொல்லை செய்கிறதா’ என்று மட்டும் கேட்கும் வினாத்தாள், ‘நீங்கள் சொன்னது கேட்கப்பட்டதா’ என்னும் வினாவை விட்டுவிடுகிறது. மூச்சுக்கருவி யாருக்கு என முடிவு செய்ய நேர்ந்தவர், உறவினர் அருகில் இல்லாமல் இறந்தவரின் இறுதி நேரத்தைக் கைப்பேசித் திரையில் காட்டியவர் போன்றோருக்கு லிட்ஸின் விளக்கம் பொருந்தும். இவ்விரு வகையினர்க்கும் ஒரே வகை ஆலோசனை வழங்கினால், சினமுற்றவரிடம் மன்னிக்கக் கற்றுக்கொள்ளுமாறு கூறும் அவலமே மிஞ்சும்.

தமிழகச் சூழல்

2020 ஏப்ரல் 19ஆம் நாள் சென்னையில் கோவிட் தொற்றால் இறந்த நரம்பியல் அறுவை மருத்துவர் ஒருவரின் உடலை அடக்கம் செய்யச் சென்றவர்கள் கூட்டத்தாரால் கல்லாலும் கட்டையாலும் தாக்கப்பட்டனர். உடன் பணியாற்றிய மருத்துவர் ஒருவர் நள்ளிரவில் மருத்துவமனை ஊழியரின் துணையோடு தாமே மண்வெட்டி பிடித்துக் குழியை மூட வேண்டியதாயிற்று. அடுத்த சில நாள்களில் இரண்டு அவசரச் சட்டங்கள் பிறந்தன. ஏப்ரல் 22ஆம் நாள் நடுவணரசு 1897ஆம் ஆண்டின் கொள்ளைநோய்கள் சட்டத்தைத் திருத்தி, மருத்துவப் பணியாளரைத் தாக்குவோர்க்கு மூன்று மாதம் முதல் ஐந்தாண்டு வரையிலும், கொடுங்காயம் விளைப்போர்க்கு ஆறு மாதம் முதல் ஏழாண்டு வரையிலும் சிறைத்தண்டனை விதிக்க வகைசெய்தது. தமிழக அரசு, தொற்றால் இறந்தோரின் அடக்கத்தைத் தடுப்பதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது.

அந்த இரவைச் சார்ஸ் கால டொராண்டோவில் காண முடியாது. சமூக விலக்கம் அங்கும் இருந்தது. பணியாளரின் பிள்ளைகளோடு பழகத் தயங்கிய அண்டை வீட்டாரும் இருந்தனர். ஆனால், இறந்தவர்க்குரிய இறுதி மரியாதை மறுக்கப்படுவது வேறொரு தளத்துக் காயம். தமிழ் வாழ்வில் நல்லடக்கம் என்பது இறந்தவரின் உரிமையாகவும் இருப்போரின் கடனாகவும் கொள்ளப்படுவது. அதனைச் செய்யவொட்டாமல் தடுக்கப்பட்ட உடன்பணியாளர்க்கு நேர்ந்ததை, உயிரச்சம் என்று மட்டும் எழுதினால் பாதியே எழுதியதாகும். பயன்பாட்டிலுள்ள மொழிபெயர்ப்பு வினாத்தாள்கள் இவ்வகைக் காயத்தைக் கேட்பதற்கென வடிவமைக்கப்பட்டவை அல்ல.

மொழிபெயர்ப்பிலும் நுட்பமான சிக்கல்கள் எழுகின்றன. பரவலாகப் பயன்படும் நிகழ்வுத் தாக்க அளவுகோலின் திருத்திய வடிவத்தில் 22 கூற்றுகள் உள்ளன. ‘அந்த நிகழ்வு’ என்று ஒன்றைச் சுட்டியே கூற்றுகள் அமைகின்றன. பதினெட்டு மாதம் நீண்ட பணிக்காலத்தில் செவிலியர் எந்த நாளை ‘அந்த நிகழ்வு’ எனக் கொள்வார்? உறக்கம் கெடுகிறதா என்னும் வினாவுக்கு இரவுப்பணி பார்ப்பவர் ‘ஆம்’ என்றால், அது மனவடுவா, பணிமுறையின் விளைவா? தமிழ் பேசுவோர் உளத்துயரை உடலின் வழியே உரைப்பதும் மிகுதி. நெஞ்சு படபடப்பு, உடம்பு அசதி, ‘மனசு சரியில்லை’ என்னும் பொதுச்சொல் ஆகியவற்றில் பொதிந்திருப்பதை, உணர்ச்சிப் பெயர்களை வரிசைப்படுத்தும் அளவுகோல் தவறவிடும். கருவியை மொழிபெயர்க்கும் முன் களத்தில் அமர்ந்து கேட்டல் வேண்டும் என்பது மிகையான கோரிக்கையன்று.

உதவியின் வடிவம்

பேரிடருக்குப் பின் உடனடியாக அனைவரையும் ஓரிடத்தில் அமர்த்தி, நிகழ்ந்ததை உணர்ச்சியோடு விவரிக்கச் சொல்லும் ஒற்றை அமர்வு ஒரு காலத்தில் பெருவழக்காக இருந்தது. இன்றும் சில மருத்துவமனைகள் இதனையே பெரிய உதவியாக எண்ணுகின்றன. சான்றுகளைத் தொகுத்து ஆராய்ந்தோர், இது மனவடு நோயைத் தடுக்கவில்லை எனக் கண்டனர். இங்கிலாந்தின் தேசிய மருத்துவ வழிகாட்டுதல் இதனை வழங்க வேண்டாம் என்றே பரிந்துரைக்கிறது. அறிகுறிகள் எவ்வாறு மாறுகின்றன எனக் கவனித்திருந்து, நீடிப்போர்க்கு மனவடுவை மையமாகக் கொண்ட அறிதல்-நடத்தைச் சிகிச்சை, கண்ணசைவு வழிச் சிகிச்சை ஆகியவற்றை அளிப்பதே ஏற்புடையதாகக் கருதப்படுகிறது.

சிகிச்சை இருந்தும் பணியாளர் நாடுவதில்லை. உளநலச் சிகிச்சை பெற்றது வெளிப்பட்டால் தொழில் உரிமத்துக்குக் கேடு நேருமோ என்னும் அச்சம் மருத்துவரிடம் ஆழமானது. 2020 ஏப்ரலில் தன் உயிரை மாய்த்துக்கொண்ட நியூயார்க் அவசரசிகிச்சை மருத்துவர் லோர்னா பிரீனின் பெயரால் அமெரிக்காவில் 2022 மார்ச்சில் மருத்துவப் பணியாளர் உளநலச் சட்டம் நிறைவேற்றப்பட்டது. உரிம விண்ணப்பங்களில் உளநல வரலாற்றைத் துருவும் வினாக்களை நீக்கக் கோரும் இயக்கம் அதன்பின் வலுப்பெற்றது. உதவி எண் ஒன்றைச் சுவரொட்டியில் அச்சிடுவதைவிட இத்தகைய தடைகளை அகற்றுவது கடினமானது; பயன்மிக்கதும் அதுவே.

டொராண்டோ ஆய்வுகள் சுட்டும் பயிற்சி, பாதுகாப்பு, ஆதரவு ஆகிய மூன்றும் பரவலுக்கு முன்பே தொடங்க வேண்டியவை. முகக்கவசம் பொருந்துகிறதா எனச் சோதிப்பது உளநலப் பணியாக யாருக்கும் தோன்றுவதில்லை. ஆயினும் அச்சத்தைக் குறைப்பதில் அதற்குள்ள பங்கை ஒரு மணிநேர ஆலோசனை ஈடுசெய்யாது. கீழ்நிலைப் பணியாளர் எழுப்பும் எச்சரிக்கைக்கு எழுத்து வடிவில் விடையளிக்கும் நடைமுறையும் அவ்வாறே. 2020 ஜனவரி முதல் 2021 மே வரை உலகெங்கும் 80,000 முதல் 1,80,000 வரையிலான மருத்துவப் பணியாளர் கோவிட் தொற்றால் இறந்திருக்கலாம் என உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. இவ்வளவு அகன்ற இடைவெளியில் மதிப்பீடு அமைந்ததே, இறந்த பணியாளரை நாடுகள் முறையாக எண்ணவில்லை என்பதற்குச் சான்று. இருப்போரை எண்ணுவதிலும் இதே குறை உள்ளது. மருத்துவர், செவிலியர் ஆகியோரைக் கடந்து தூய்மைப் பணியாளர், அவசர ஊர்தி ஓட்டுநர், பிணவறை ஊழியர் ஆகியோரைச் சென்றடையும் ஆய்வுகள் அரியன.

தமிழ்நாட்டில் கோவிட் பணிக்கென ஒப்பந்த அடிப்படையில் அமர்த்தப்பட்ட செவிலியருள் ஏறத்தாழ 2,300 பேரின் ஒப்பந்தம் 2022 டிசம்பர் 31ஆம் நாளோடு நீட்டிக்கப்படாமல் முடிந்தது. அவர்கள் போராடினர், மாற்றுப் பணி வழங்கப்படும் என அரசு அறிவித்தது. டொராண்டோ ஆய்வு மேற்கொள்ளப்பட்ட 13 முதல் 26 மாத இடைவெளியை 2021 மே மாத இரண்டாம் அலைக்குப் பொருத்தினால், 2022 ஜூன் முதல் 2023 ஜூலை வரையிலான காலம் கிடைக்கும். ஒப்பந்தம் முடிந்த நாள் அதன் நடுவே விழுகிறது. அக்காலத்தில் மருத்துவமனைப் பணியாளர் பட்டியலைக் கொண்டு மாதிரி தெரிவு செய்யும் எந்த ஆய்விலும், நோய்வாய்ப் பிரிவில் நின்ற இச்செவிலியரில் பலரின் பெயர் இருந்திருக்காது.